வேல்விழி பேருக்கு ஒரு பை

வேல்விழி பேசத் தொடங்கிச் சரியாக நாலாவது நிமிடத்தில் மைக் செத்துப் போனது.

அதுவும் எந்த இடத்தில்... "அய்யா, உங்க மக ரெண்டு வருசமா ஒருத்தர மனசுல வச்சுக்கிட்டு, உங்க மொகத்தப் பாத்துச் சொல்லத் தைரியமில்லாம எத்தன நாளு அழுதிருப்பா தெரியுமா?" என்று தொண்டை கரகரக்கக் கேட்டு, கம்பத்தின் அந்தக் கல்யாண மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இடத்தில்! உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக்கைத் தட்டினாள்... ஊதினாள்... ம்ஹூம்.

திரும்பினால், மேடை ஓரத்தில் ஒயர்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் அவன் உட்கார்ந்திருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. மழையில் நனைந்து நெற்றியில் ஒட்டிய முடி. வலது கை ஆம்ப்ளிஃபயர் சுவிட்சின் மேல் இருந்தது. அட, அணைத்ததே இவன்தான்... வேண்டுமென்றே அணைத்திருக்கிறான்!

வேல்விழிக்குச் சுர்ரென்று ஏறியது. விறுவிறுவென்று அவனிடம் போனாள்.

"ஏங்க... அறிவிருக்கா உங்களுக்கு? ஒருத்தி பேசிக்கிட்டு இருக்கும்போது கட் பண்றீக?"

அவன் எழுந்து நின்றான். பெரிய கண்கள். இமை முடி அவ்வளவு அடர்த்தி. அந்தக் கண்ணில் திமிர் இல்லை, பதற்றம்தான் இருந்தது. திட்ட வந்த இடத்தில் இமை முடியை எதற்குக் கவனித்தோம் என்று வேல்விழிக்கே விளங்கவில்லை.

"பொண்ணு பேரு என்னன்னு சொல்லுங்க" என்றான் மெதுவாக.

"சங்கிலியம்மாள். அத எதுக்குக் கேக்குறீக?"

"கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

திரும்பினாள். மேடையின் பின்னால் மஞ்சள் செவ்வந்தியில் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தது... விஷால், அங்காளஈஸ்வரி.

"யாத்தே..."

"சங்கிலியம்மா கல்யாணம் மாடியில நடக்குது. இது கீழ் மண்டபம்ங்க."

நடந்தது இதுதான். ஆவணி முகூர்த்தம், ஒரே கட்டடத்தில் கீழே ஒரு கல்யாணம், மாடியில் ஒரு கல்யாணம். விடியலில் அடித்த காற்றும் மழையும் வாசலில் இருந்த ரெண்டு பேனரையும் குப்புறத் தள்ளிவிட்டன. தேனியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த வேல்விழி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்து கண்ணில் பட்ட கதவுக்குள் நுழைந்துவிட்டாள். பெண்ணும் மாப்பிள்ளையும் முகூர்த்தப் பட்டு மாற்ற உள்ளே போயிருந்த நேரம். மேடை காலி. பட்டு மாற்றி வருகிற வரைக்கும் யாராவது மைக்கில் வாழ்த்திப் பேசிக்கொண்டிருப்பது இந்தப் பக்கத்து வழக்கம். "பொண்ணோட சிநேகிதிங்க, பேசச் சொல்லியிருக்காக" என்று இவள் சொல்ல, மைக் பிடித்திருந்த பெரியவர் "பேசு ஆத்தா, நல்லாப் பேசு" என்று கையில் கொடுத்துவிட்டார். முதுகுக்குப் பின்னால் இருக்கிற செவ்வந்திப் பூவை எவள் படிப்பாள்? முன் வரிசையில் முறுக்கு மீசையோடு ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார். சங்கிலியின் அப்பா இவர்தான் என்று இவளாகவே முடிவு கட்டி, அவரைப் பார்த்தே வெளுத்து வாங்கிவிட்டாள்.

அந்த மீசைக்காரர் அங்காளஈஸ்வரியின் அப்பா சின்னக்கருப்பு. இப்போது எழுந்து நின்றிருந்தார். முகம் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டு வரிசையில் கசமுசா என்று பேச்சு கிளம்பிவிட்டது.

"ரெண்டு வருசமா ஒருத்தனா? எவன்யா அது?"

"நம்மகிட்ட மறச்சுட்டாகளா?"

வேல்விழிக்குக் காது அடைத்தது. தேனியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தினமும் நாற்பது பேருக்கு ஊசி குத்துகிற கை அது. ஒரு நாள் நடுங்கியதில்லை. இன்றைக்குச் சேலை நுனியைப் பிடிக்க முடியாமல் நடுங்கியது. 'ஒரு பொண்ணு கல்யாணத்தையே கெடுத்துட்டேனே... அய்யோ...'

அவன் சுவிட்சைப் போட்டான். மைக்கை எடுத்தான். அவன் விழுங்கிய எச்சில்கூட நாலு ஸ்பீக்கர் பெட்டியிலும் கேட்டது.

"மைக் செட்டு பேச்சிமுத்து பேசுறேன்... இவுக மாடிக் கல்யாணத்துக்குப் பேச வந்தவுக. இந்தப் பொண்ணப் பத்தி இவுகளுக்கு ஒண்ணும் தெரியாது. ரெண்டு மண்டபத்துக்கும் மைக் செட்டு நாந்தான். மாடிக்கு அனுப்ப வேண்டியவுகள இங்கன ஏத்தினது எந் தப்பு. சபை என்னத்தான் மன்னிக்கணும்."

பொய்! அவன் அவளை ஏற்றவே இல்லை. வேல்விழி வாயைத் திறப்பதற்குள், பட்டு பாதியும் பின் குத்தியது பாதியுமாக உள்ளேயிருந்து ஓடிவந்தாள் கல்யாணப் பெண்.

"எனக்கே தெரியாம எனக்கு ஒரு லவ்வா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் அந்தாள ஒரு தடவ பாத்திருப்பேன்ல!"

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். அப்புறம் மண்டபமே சிரித்தது. சின்னக்கருப்பு மட்டும் பேச்சிமுத்துவை விடவில்லை. "ஏலே, ஒன்ன நம்பி மைக் செட்டு சொன்னேன் பாரு, எம் புத்திய..." என்று ஆரம்பித்து ரெண்டு நிமிடம் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவன் தலையைக் குனிந்து அவ்வளவையும் கேட்டுக்கொண்டான்.

மாடிப்படியில் அவன் முன்னால் ஏற, அவள் பின்னால் ஏறினாள். படிக்கட்டு ஜன்னல் கம்பிகளில் மழைத் துளிகள் வரிசையாகத் தொங்கின. சுருளி மலைப் பக்கம் மேகம் இறங்கி மலையையே காணோம். நன்றி சொல்லிவிட வேண்டும்... எப்படித் தொடங்குவது... ரெண்டு படி யோசித்து, மூன்றாவது படியில் வாயைத் திறந்தாள்.

"உங்களுக்கு ரொம்ப..."

"மேலயும் இதையேதான் பேசப் போறீகளா?" அவன் திரும்பிப் பார்த்துக் கேட்டான்.

"ஆமா. ஏன்?"

"வேணாங்க. நல்லால்ல."

நன்றி தொண்டையிலேயே நின்றுவிட்டது. நாலு நாள் உட்கார்ந்து எழுதிய பேச்சு! எட்டுப் பக்கம்!

"என்ன நல்லால்ல?"

"அவர அழ வைக்கணும்னு எழுதியிருக்கீக. அவர் மக அழுதத நூறு பேர் முன்னாடி அவர்கிட்டயே கணக்கு ஒப்பிக்கிறீக. எந்த அப்பன் அதுக்கப்புறம் மேடை ஏறுவான்? ஏறினா தோத்துட்டான்னு ஊரு பேசும்ல?" அவன் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுத்தான். "ஒம்பது வருசமா கல்யாணப் பேச்சக் கேட்டுக்கிட்டு இருக்கேங்க. மத்தவுக பந்திக்கு எந்திரிச்சுப் போயிருவாக. நான் ஆம்ப்ளிஃபயர விட்டு எங்கன போக? பேசுறவுக யாரையாச்சும் ஜெயிக்கணும்னு பேசுனா அந்தப் பேச்சு நிக்காது. மனசுல ஒருத்தர வச்சுக்கிட்டு, அவருக்குத் தெரிஞ்ச ஒண்ணச் சொல்லணும். ரெண்டு நிமிசம் போதும்."

அவன் சொன்னது சரியா தப்பா என்று யோசிக்கிற நிலையில் அவள் இல்லை. அவமானம், பயம், மழை ஈரம், அந்தக் கண்கள்... எல்லாம் சேர்ந்து ஒரே குழப்பம். குழப்பத்தில் வாய்க்கு வந்தது விழுந்துவிட்டது.

"ஒயரு சுத்துறவுகளுக்குப் பேச்சப் பத்தி என்ன தெரியும்?"

அவன் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டது. "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ரெண்டு ரெண்டு படியாக ஏறிப் போய்விட்டான். 'ச்சே... நம்ம வாயில வசம்ப வச்சுத் தேய்க்க' என்று நொந்துகொண்டாள் வேல்விழி. ஆனால் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்கவா முடியும்? எட்டுப் பக்கக் காகிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மேலே போனாள்.

மாடி வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தார் சங்கிலியின் அம்மா முத்துமாரியம்மாள். ஃபோனில் பேசியிருக்கிறாரே தவிர, நேரில் பார்ப்பது இன்றைக்குத்தான்.

"வேல்விழிதான நீயி? வா ஆத்தா. ஒன்னத்தான் தேடிக்கிட்டு இருக்கா."

"அம்மா, வாராவாரம் பழம் அனுப்புனீகளே, அதுக்கு ஒரு நாளும் நான் தேங்க்ஸ் சொல்லல..."

"பழமா?" அவர் விழித்தார். "நான் எங்கன ஆத்தா அனுப்புனேன்? நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயே ஒரு வருசமாச்சு."

அந்தப் பை விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சங்கிலியும் வேல்விழியும் ஒரே பரிசோதனை நிலையத்தில் வேலை, ஒரே விடுதி, ஒரே அறை. சங்கிலிக்கு ஊர் சின்னமனூர் பக்கத்தில் மார்க்கையன்கோட்டை. குமுளியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் மலையாளத்துச் சசிதரனைத்தான் கட்டுவேன் என்று அவள் வீட்டில் சொன்ன நாளிலிருந்து, அப்பா வீரபாண்டி மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எட்டு மாதம் ஆகிறது. அந்த எட்டு மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சின்னமனூரிலிருந்து வருகிற பஸ்ஸில் ஒரு மஞ்சள் துணிப் பை வரும். நீல நைலான் கயிற்றில் கட்டி, அட்டைத் துண்டு ஒன்று தொங்கும். அட்டையில் 'வேல்விழி' என்ற பேரும் பரிசோதனை நிலையத்து நம்பரும் எழுதியிருக்கும். கண்டக்டர் தேனி பஸ் ஸ்டாண்டிலிருந்து ஃபோன் போடுவார், இவள் போய் வாங்கி வருவாள். அப்பாவுக்குத் தெரியாமல் அம்மாதான் தோழி பேரைப் போட்டு அனுப்புகிறார் என்று ரெண்டு பேரும் நினைத்திருந்தார்கள். அம்மா இல்லையென்றால்... வேறு யார்?

யோசிக்க நேரமில்லை. மணப்பெண் அறையில் சங்கிலி இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மருதாணிக் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது.

"எங்கப்பா வந்திருக்காருடி... கடைசி வரிசை. மண்டபத்துக்கு வருவேன், மேடை ஏற மாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டாராம். தாரை வாத்துக் குடுக்கப் பெரியப்பா ரெடியா நிக்கிறாரு. ஆனா எனக்கு எங்கப்பா கைதான்டி வேணும். அவரு தண்ணி ஊத்தாம நான் எப்படிடி இன்னொரு வீட்டுக்குப் போவேன்?" மையைக் காப்பாற்ற முகத்தை மேலே தூக்கிக்கொண்டாள். "நீ பேசு. நீ பேசினா வருவாரு."

"வருவாருடி" என்றாள் வேல்விழி. எந்தத் தைரியத்தில் சொன்னாளோ.

மணி ஒன்பது பத்து. சங்கிலியும் சசிதரனும் மேடையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். தாலி கட்ட இன்னும் அரை மணி. வேல்விழி கையில் மைக் வந்தது. இந்த முறை முதல் வேலையாகத் திரும்பி, பூவில் எழுதிய பேரைப் படித்துக்கொண்டாள். சரியான கல்யாணம்தான்.

கடைசி வரிசையில், கை கழுவப் போகிற வாசலை ஒட்டி, ஒல்லியாக ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். மீசையை முறுக்கவில்லை, யாரையும் முறைக்கவில்லை. மடியில் குடை. பார்வை தரையில். அவர்தான் வீரபாண்டி என்று சங்கிலியின் கண்ணே காட்டிக்கொடுத்தது.

வேல்விழி காகிதத்தைப் பிரித்தாள். "எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கல்யாணத்துக்குப் பின்னாடி ஒரு பொண்ணோட கண்ணீரு இருக்கு..."

தலைகள் எல்லாம் கடைசி வரிசைப் பக்கம் திரும்பின. வீரபாண்டியின் விரல்கள் குடைக் காம்பை இறுக்கின. கால்கள் செருப்பைத் தேடின. அவர் எழுந்திருக்கப் போகிறார்! பேச்சிமுத்து சொன்னது அப்படியே நடக்கிறது... அய்யோ, அப்படியே!

அவள் நிறுத்திவிட்டாள். மண்டபம் காத்திருந்தது. அடுத்த வரி கண்ணுக்குத் தெரிகிறது, வாய்க்கு வரவில்லை. மேடை ஓரத்தில் பேச்சிமுத்து. 'இப்பக் கட் பண்ணுங்களேன்... கரண்டு போயிருச்சுன்னு ஊரு நினைச்சுக்கட்டும்...' என்று அவள் கண் கெஞ்சியது. அவன் அவளையே பார்த்தான். அப்புறம், சுவிட்சின் மேல் இருந்த கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான்.

கட் பண்ண மாட்டானாம்.

வேல்விழி மறுபடி கடைசி வரிசையைப் பார்த்தாள். எழுந்து நின்றுவிட்ட வீரபாண்டி, நாற்காலிக்கு அடியிலிருந்து எதையோ குனிந்து எடுத்தார். மஞ்சள் துணிப் பை. நீல நைலான் கயிறு. கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தது ஒரு அட்டைத் துண்டு.

அட, அனுப்பியது இவர்தான்! எட்டுப் பக்கத்தையும் நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"நான் எழுதிக்கிட்டு வந்தத விட்டுர்றேன்... வேற ஒண்ணு சொல்றேன். எட்டு மாசமா வெள்ளிக்கிழம ஆனா எம் பேருக்கு ஒரு பை வருது. சின்னமனூர் பஸ்ஸுல. ஒரு வாரம் பூவம்பழம், ஒரு வாரம் கொய்யா, ஒரு வாரம் பச்சக் கடல. அந்தப் பக்கம் எனக்குச் சொந்தக்காரக யாருமில்ல. யாரு அனுப்புறாகன்னு கொஞ்ச நேரம் முந்தி வரைக்கும் எனக்குத் தெரியாது."

வீரபாண்டி நின்ற இடத்திலேயே நின்றார்.

"பேருதான் எம் பேரு. முக்காவாசி சாப்பிட்டது சங்கிலி. அனுப்புனவுக கவலப்பட வேணாம்... அவ நல்லாச் சாப்பிட்டா. எனக்கு ரெண்டு பழம் மிஞ்சுறதே பெரிய பாடு."

யாரோ சிரித்தார்கள். மேடையில் சங்கிலி மட்டும் சிரிக்கவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுக யாருன்னு நான் சொல்லப் போறதில்ல. கோவமா இருந்தாலும் பிள்ள பசியோட இருக்கக் கூடாதுன்னு நெனச்ச மனசு அது. அவுககிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். இன்னிக்கும் எம் பேரப் போட்டே குடுங்க. நானே வந்து வாங்கிக்கிறேன். வாங்கி, அவ கையில சேத்துர்றேன்."

மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு இறங்கினாள். நாற்காலிகளுக்கு நடுவே நடந்து கடைசி வரிசைக்குப் போய், வீரபாண்டியின் முன்னால் ரெண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றாள்.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீதான் வேல்விழியா?"

"ஆமாய்யா."

பையை நீட்டப் போனவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். மேடையைப் பார்த்தார்.

"இன்னிக்கி... கொஞ்சம் கனமா இருக்கு ஆத்தா. ஒன்னால தூக்க முடியாது. நானே கொண்டுபோய்க் குடுத்துர்றேன்."

குடையை அவளிடம் கொடுத்துவிட்டு நடந்தார். மேடைப் படியில் செருப்பைக் கழற்றினார், ஏறினார். சங்கிலி மணவறையை விட்டு எழுந்து ஓடிவந்து அவர் தோளில் விழ, "பூ நசுங்குது பாரு... அழுகாத, மை கலையுது பாரு" என்று சொல்லிக்கொண்டே அவர்தான் அழுதார். "எந்தா மோளே, சிரிக்கணும்" என்று சசிதரனின் அம்மாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரியப்பா செம்பைக் கொண்டுவந்து தம்பி கையில் வைத்தார். அந்தக் கை ஊற்றிய தண்ணீரோடுதான் சங்கிலி சசிதரனிடம் போனாள்.

வேல்விழிக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீருக்குள் ஒரு ஆளைத்தான் தேடினாள். மேளச் சத்தத்துக்கு நடுவில் பேச்சிமுத்து குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

பந்தியில் நாலு பேர் அவள் கையைப் பிடித்துப் பேச்சைப் பாராட்டினார்கள். ஒவ்வொரு பாராட்டும் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. சாப்பிட்டதும் மேடைக்கு ஓடினாள். ஆம்ப்ளிஃபயர் இல்லை, ஒயர் இல்லை. கீழே ஓடினாள். வாசலில் லோடு ஆட்டோ ஒன்று பெட்டிகளோடு மழைக்குள் போய்க்கொண்டிருந்தது. சொல்ல வேண்டிய மன்னிப்பு வாயிலேயே இருக்க, வீரபாண்டியின் குடை கையிலேயே இருக்க, அவள் நனைந்துகொண்டு நின்றாள்.

சங்கிலி குமுளிக்குப் போய்விட்டாள். விடுதி அறை வெறிச்சோடியது. வேல்விழிக்குத் தன்னை நினைத்தே எரிச்சல். ஊசியைக் கையில் எடுத்தால் மைக் ஞாபகம் வருகிறது. தெருவில் ஏதாவது விசேஷத்துக்குப் பெட்டி கட்டியிருந்தால், பாட்டைக் கேட்காமல் பெட்டிக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று எட்டிப் பார்க்கிறாள். 'அந்தாள் மேல எனக்குக் கோவமா... வருத்தமா... இல்ல...' அந்த 'இல்ல'வுக்கு அப்புறம் யோசிக்கப் பயமாக இருந்தது.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஃபோன் வந்தது.

"கண்டக்டர் பேசுறேன்மா. தேனி பஸ் ஸ்டாண்டுல இருக்கேன். ஒரு பை வந்திருக்கு. சங்கிலியம்மாள்னு பேரு போட்டு, ஒங்க லேப் நம்பர் இருக்கு."

சங்கிலி பேருக்கா? போய் வாங்கினாள். உள்ளே நாலு கிலோ பன்னீர் திராட்சை. அங்கேயே நின்றுகொண்டு குமுளிக்கு ஃபோன் போட்டாள்.

"ஏன்டி, உங்கப்பா பழக்கதோசத்துல இங்க அனுப்பிட்டாரா?"

"எங்கப்பாவா? அவரு நேத்திக்குப் பூரா இங்கனதான இருந்தாரு! ஒரு வாழத் தாரையே தோள்ல தூக்கிக்கிட்டு வந்து எறங்குறாரு. இனி எதுக்குடி அவருக்குப் பஸ்ஸு?"

ஃபோனை வைத்தவளுக்கு மறுபடி குழப்பம். அட்டையில் இருந்த கையெழுத்து வேறு. கோணல் மாணலாக, அழித்து அழித்து எழுதியது. அப்போதுதான் பை கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தாள். நீல நைலான் கயிறு இல்லை அது.

கறுப்பு ஒயர். மைக் ஒயர்த் துண்டு.

பஸ் ஸ்டாண்டு இரைச்சல் மொத்தமும் எங்கோ போனது. அவள் பேச்சை அவன் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டிருக்கிறான்! நேராகக் கொடுக்கத் தைரியம் இல்லாதவர்கள் வேறு பேரைப் போட்டுக் கொடுப்பார்கள் என்பதையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டான். "பைத்தியம்..." என்றாள் வாய்விட்டு. ஒரு திராட்சையை வாயில் போட்டாள். கன்னம் சூடாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். முதல் பஸ்ஸில் கம்பம். அதே மண்டபம், அதே சாரல். கீழ் மண்டபத்தில் பாதி நாற்காலிதான் நிறைந்திருந்தது.

"ஹலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ..."

மூணு வரவில்லை. வாசலில் நின்ற வேல்விழியை அவன் பார்த்துவிட்டான்.

அவள் நேராக மேடை ஓரத்துக்குப் போய், காலிப் பையை அவன் முன்னால் வைத்தாள்.

"சங்கிலி ஊருல இல்ல. அவ குமுளிக்குப் போயி மூணு வாரமாச்சு."

"தெரியும்ங்க" என்றான். கையில் மைக் அப்படியே இருந்ததால், 'தெரியும்ங்க' மண்டபம் முழுக்கக் கேட்டது. முன் வரிசையில் ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"மொதல்ல அத அணைங்க!"

பேச்சிமுத்து அவசர அவசரமாகச் சுவிட்சை அணைத்தான். மண்டபம் அமைதியானது. வெளியே மழை பெய்வது இப்போதுதான் கேட்டது.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். "அன்னிக்கி ஒயரு சுத்துறவுகன்னு சொல்லிட்டேன். அத நெனச்சு எத்தன நாளு... எந் தப்ப நீங்க ஏத்துக்கிட்டீக, நான் அதுக்குப் பதிலா குத்திக் காமிச்சேன். என்ன மன்னிச்சிருங்க."

"ஒயரு சுத்துறவன்தானங்க நானு. அதுல என்ன." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "அன்னிக்கி வலிச்சுச்சு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா நீங்க காகிதத்த மடிச்சு வச்சீக பாருங்க... அதோட போயிருச்சு."

"அப்பறம் ஏன் சொல்லாமக் கொள்ளாம ஓடுனீக?"

"எனக்குப் பேச வராதுங்க."

"அன்னிக்கி இதே எடத்துல அவ்ளோ பேரு முன்னாடி எனக்காகப் பேசுனீகள்ல?"

"அது உங்களுக்காகப் பேசுனது. எனக்காகப் பேசணும்னா..." நிறுத்தினான். ஒயரை எடுத்து விரலில் சுற்றினான், அவிழ்த்தான், மறுபடி சுற்றினான். அவள் பொறுமையாக நின்றாள். அந்த அடர்ந்த இமைகள் மெல்ல உயர்ந்தன.

"ஒம்பது வருசமா எல்லாரு பேச்சையும் கேக்குறேன். எப்படா முடிப்பாகன்னு பாத்துக்கிட்டே கேப்பேன். அன்னிக்கி ஒரு நாளுதான் முடிஞ்சு போச்சேன்னு இருந்துச்சு." மூச்சை இழுத்துக்கொண்டான். "எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு வேல்விழி. உங்க பேச்சத் தெனமும் கேக்கணும். வீட்டுல... பக்கத்துல உக்காந்து."

வேல்விழிக்குச் சட்டென்று எல்லாம் தெளிந்துவிட்டது. அந்த 'இல்ல'வுக்கு அப்புறம் என்ன என்பது உட்பட. சிரிப்பும் கண்ணீரும் எது முந்துவது என்று தெரியாமல் முட்டிக்கொண்டன.

"அதுக்கு எதுக்கு சங்கிலி பேரு?"

"அவுக அம்மாகிட்ட உங்க லேப் நம்பர வாங்கி, உங்க பேரத்தான் மொதல்ல எழுதுனேன். ஆறு அட்டை வீணாப் போச்சு. கை நடுங்குது."

அவள் பையில் தொங்கிய அட்டையைப் பிடித்து இழுத்தாள். ரத்தக் குப்பிகளில் பேர் எழுதுகிற பேனா அவள் கைப்பையில் எப்போதும் இருக்கும். எடுத்து, சங்கிலியம்மாளை அடித்துவிட்டு, கொட்டை எழுத்தில் 'வேல்விழி' என்று எழுதினாள். கை நடுங்கவே இல்லை. எழுதிய அட்டையை அவன் சட்டைப் பையில் வைத்தாள்.

"இனிமே எம் பேரப் போட்டே குடுங்க. பஸ்ஸுல வேணாம்... நேர்ல கொண்டாங்க. எங்க வீட்டுக்கு வந்து, எங்கப்பா முன்னாடி நின்னு குடுங்க. பேச வரலைன்னா பரவால்ல, நான் பேசிக்கிறேன்."

"எவ்வளவு நேரம் பேசுவீக?" அவன் முகம் முழுக்க இப்போது சிரிப்பு.

"எட்டுப் பக்கம்!"

"ஏலே பேச்சிமுத்து!" முன் வரிசையிலிருந்து ஒரு பெருசு கத்தினார். "மைக்கு என்னலே ஆச்சு? சத்தத்தையே காணோம்?"

பேச்சிமுத்து சுவிட்சின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கொஞ்சம் இருங்கய்யா... இங்கன ஒருத்தவுக பேசிக்கிட்டு இருக்காக. இந்தத் தடவ நான் கட் பண்ண மாட்டேன்."